கிராக் மேடமும் விழாத பால்கனியும்

பெங்களூரில் தலை நிமிர்ந்து நடந்த ஒரே ஆள் எங்கள் கிராக் மேடம்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் மற்ற எல்லோரும் குனிந்துதான் நடக்கிறோம். எங்கே பள்ளம், எங்கே சாக்கடை மூடி, எங்கே கேபிளுக்குத் தோண்டிவிட்டு மூட மறந்த குழி என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தே பழகிவிட்டோம். மேடம் மட்டும் அண்ணாந்து நடப்பார். அவர் பார்வை முதல் மாடியில் தொடங்கி மொட்டை மாடியில் முடியும். எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சீனியர்கள் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்வார்கள். மேடத்தோடு ரோட்டில் போக நேர்ந்தால் யாராவது ஒருத்தர் அவருக்கு முன்னால் நடக்க வேண்டும். பள்ளத்தை முன்னால் போகிறவர் பார்த்துக்கொள்வார்.

சிவில் இன்ஜினியரிங் துறையில் மேடம் பேராசிரியர். கட்டடங்கள் ஏன் நிற்கின்றன என்பது அவர் நடத்திய பாடம். ஏன் விழும் என்பது அவருடைய பொழுதுபோக்கு. சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டால் போதும், பஸ்ஸை விட்டே இறங்கிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது, முதல் வகுப்பிலேயே அவர் அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தார்.

"என் பேரு என்னான்னு சீனியர்ஸ் சொல்லியிருப்பாங்க. ரெண்டு அர்த்தமும் சரிதான். நோட்டைத் திறங்க இன்ஜினியர்ஸ்."

இன்ஜினியர்ஸ். நான் ஈஜிபுராவில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன். அன்றுவரை என்னை யாரும் 'தம்பி' என்பதற்கு மேல் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. மேடம் எங்கள் எல்லோரையும் முதல் நாளிலிருந்தே இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார். பரீட்சையில் முட்டை வாங்கினவனிடமும், "இன்ஜினியர், இந்த வீட்டுல நீங்களே குடியிருப்பீங்களா?" என்றுதான் கேட்பார். பிரம்படி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவர் ஃப்ரேசர் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அங்கேயும் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பரலோகத்தைப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கல்யாண வீடுகளிலும் இதே கதைதான். எங்கள் காலேஜைச் சேர்ந்த எத்தனையோ பேரின் கல்யாண ஆல்பத்தில் மேடம் இருக்கிறார். ஒன்றில்கூட முகம் கிடையாது. மணமக்களுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையும் ஒரு தாடையும் தெரியும். மண்டபத்தின் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அவருடைய கைப்பையில் சீப்பு, பவுடர் எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. டார்ச், அளவு டேப், கொஞ்சம் சிமெண்ட் பசை, மெல்லிசான கண்ணாடித் துண்டுகள். இவை இருக்கும். எங்கேயாவது சந்தேகமான விரிசலைப் பார்த்தால், அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிடுவார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எளிமையான வழிதான். ஆனால் மற்றவர்கள் சுவரில் போய் ஒட்டுவாரே, அதுதான் சிக்கல்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை பாய் இருந்தார். கர்சீஃப் வாங்கப் போன மேடம் அவர் கடைச் சுவரில் ஒரு கண்ணாடியை ஒட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குக்காகக் கர்சீஃப் வாங்கினார். எங்கள் வகுப்பில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மேடத்தின் மேஜையிலிருந்து புத்தம் புதுக் கர்சீஃப் வரும். பாய் கண்ணாடியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். படித்த அம்மா ஒருத்தர் ஏதோ ஓதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார், அன்றிலிருந்து வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று பக்கத்துக் கடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஒன்று ஒட்டக்கூடாதா என்று இரண்டு கடைக்காரர்கள் மேடத்தை வழிமறித்துக் கேட்டதும் உண்டு.

ஒருநாள் நடு வகுப்பில் பாயிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க கண்ணாடி ஒடஞ்சிபோச்சி. நான் என்னா தப்பு பண்ணேன் மேடம்?"

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். வகுப்பையே கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால், பாயின் சுவரை ஒட்டினாற்போலப் பக்கத்து மனைக்காரர் செல்லர் என்கிற நிலவறைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மேடம் சண்டை போடவில்லை. குழியின் விளிம்பில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் மண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை பாடம் நடத்தினார். எங்களைவிடக் கவனமாகக் கேட்டவர் ஜேசிபி டிரைவர்தான். பாதியிலேயே வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மனை ஓனர் வந்து சுவருக்கு முட்டுக்கொடுக்கும்வரை இனி ஒரு பிடி மண் எடுக்க மாட்டேன் என்று டிரைவரே சொல்லிவிட்டார். சுவர் தப்பித்தது. பாய் எங்கள் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு, புதுக் கண்ணாடி ஒட்டாமல் மேடத்தைப் போக விடவே இல்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்திருக்கிறார். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது இளநீரோடு வந்தார். என் கண் எவ்வளவு மஞ்சளாக இருக்கிறது என்று பார்த்தவர், அப்படியே எங்கள் சீலிங்கைப் பார்த்தார். அம்மாவுக்கு அவர் பெருமை ஏற்கெனவே தெரியும். மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"நல்லா பாருங்க மேடம். ஆனா எதுனா இருந்தா ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க. வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

மேடம் ஓனரைப் பார்க்கத்தான் போனார். ஆனால் எங்கள் பேச்சே எடுக்கவில்லை. உங்கள் கட்டடம் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றும்படி கன்னடத்தில் பதமாகச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் மாற்றினார். அன்றிலிருந்து எங்கள் போர்ஷனுக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் வந்தது. குடத்தோடு காத்திருக்கும்போது அம்மா மேடத்தை நினைத்துக்கொள்வாள். திட்டியதில்லை. தலைக்கு மேல் தொட்டி இல்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்பாள்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் கல்லூரியில் இன்றைக்கும் பேசப்படுகிற விஷயம்.

நாங்கள் கடைசி வருஷம் படித்தபோது கல்லூரியில் பெரிய ஆடிட்டோரியம் ஒன்று கட்டி முடித்தார்கள். மெத்தை இருக்கைகள், ஏசி, மேலே தூணே இல்லாமல் நீண்டு நிற்கும் பால்கனி. சேர்மனுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. பெரிய கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அந்த இன்டர்வியூவையே ஹாலின் முதல் நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எங்களில் பலருக்கு வீட்டில் வரப்போகும் முதல் மாதச் சம்பளம் அந்த இன்டர்வியூவில்தான் இருந்தது. என் அப்பா தன் ஆட்டோ ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அதற்குச் சில நாள் முன்பு மேடம் ஹாலைப் பார்க்கப் போனார். வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். திருப்தி இல்லாமல் பால்கனி ஏறி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கீழே பார்த்தார். சுவரும் பால்கனித் தரையும் சேரும் இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அது ஏன் பயங்கரம் என்று எங்களுக்கு அவர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். கையை நீட்டி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றால், தோள்பட்டையின் மேல்பக்கம் இழுத்துப் பிடிக்கும் அல்லவா? பால்கனிக்கு அந்த இடம்தான் தோள்பட்டை. மேடம் வரைபடம் கேட்டார். காண்ட்ராக்டர் இன்று தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தார். மேடம் தானே அளந்து கணக்குப் போட்டார். முதல்வரிடம் போய் ஒரே வார்த்தையில் சொன்னார். விழும்.

யாரும் கேட்கவில்லை. இன்டர்வியூ நாள் காலையில் நாங்கள் புதுச் சட்டையும் இரவல் டையுமாக வந்து நின்றால், ஆடிட்டோரியத்தின் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. முகத்தில் கோபமோ பதற்றமோ இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார்.

சேர்மன் கார் வந்தது. அவர் முதலில் சிரித்துப் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளின் எதிர்காலம், கல்லூரியின் பெயர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று இந்த ஊர் தினமும் கன்னடத்தில் சொல்லும் அந்த வாக்கியத்துக்கு வந்தார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்."

"நான் பண்ணிக்குவேன் சார். கான்கிரீட் பண்ணிக்காது."

சேர்மன் முகம் மாறியது. இதற்கு மேல் நீங்கள் இங்கே வேலை பார்க்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

மேடம் எழுந்து நின்றார். ஆனால் வழியை விடவில்லை.

"என்னை எடுத்துடுங்க சார். எடுத்துட்டு இந்த ஹாலையும் பூட்டிடுங்க. என்னை மட்டும் எடுத்துட்டு இவங்கள உள்ள விட்டுடாதீங்க."

எங்களுக்கும் அவர்மேல் கோபம்தான். என் பக்கத்தில் நின்ற மதன், சும்மாவா அந்தப் பேரை வைத்தார்கள் என்று முணுமுணுத்தான். அதற்குள் கம்பெனி வண்டி கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் ரகளை வேண்டாம் என்று முதல்வர் அவசரமாக இன்டர்வியூவைக் கேன்டீனுக்கு மாற்றினார்.

வாங்கிபாத்தின் கத்தரிக்காய் வாசனைக்கு நடுவில் எங்கள் எதிர்காலம் தீர்மானமாயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே ஆடிட்டோரியம் வாசலில் மேடம். இன்டர்வியூ எடுத்தவர் என் பயோடேட்டாவைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மா ஏன் கதவை மறித்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். கையை நீட்டி, கேன்டீன்காரரின் வாளியை வாங்கிப் பிடித்து, தோள்பட்டையைத் தொட்டுக் காட்டி, விரிசல் எங்கே வந்தால் ஆபத்து, எங்கே வந்தால் இல்லை என்று விளக்கினேன். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பேசப் பேச மேடத்துக்கு வக்கீலாகவே ஆகிவிட்டேன். வாளித் தண்ணீரில் கொஞ்சம் அந்த அதிகாரியின் ஷூவில் கொட்டியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. மதனுக்கும் கிடைத்தது. அவனிடமும் அதே கேள்விதானாம். அவனும் அதே வாளியைத்தான் வாங்கியிருக்கிறான்.

போகும்போது அந்த அதிகாரி சேர்மனிடம், அடுத்த வருஷமும் வருவோம், ஆனால் அந்த ஹாலைச் சோதித்துச் சான்று வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் சொன்னபோது மசியாத சேர்மன் அதற்கு மசிந்தார்.

சோதனைக்கு வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். பால்கனியில் ஆட்கள் நிறைந்தால் எவ்வளவு எடை ஏறுமோ அதைவிடக் கூடுதலாக மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். கீழே பால்கனி எவ்வளவு இறங்குகிறது என்று கருவிகள் அளக்கும். ஒரு நாள் முழுக்க எடையை அப்படியே விட்டு, பிறகு இறக்கிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். மூட்டை தூக்கியது எங்கள் வகுப்பு. கீழே பலமாக முட்டுக்கொடுத்த பிறகும், ஒவ்வொரு மூட்டையையும் தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத்தான் வைத்தோம்.

பால்கனி அசைந்துகொடுக்கவில்லை. கருவியில் முள் நகர்ந்ததைப் பார்க்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. எடையை இறக்கியதும் அதுவும் திரும்பிவிட்டது. விரிசலைச் செதுக்கிப் பார்த்தார்கள். மேல்பூச்சில் மட்டும்தான் இருந்தது. உள்ளே கான்கிரீட் கல்லுப்போல இருந்தது.

சேர்மன் மொத்தக் கல்லூரியையும் ஆடிட்டோரியத்தில் கூட்டினார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சட்டைப்பையில் பேச்சு எழுதிய தாள் துருத்திக்கொண்டிருந்தது. நாங்கள் பின்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மேடம் வாசலில் உட்கார்ந்தபோது கோபப்பட்ட எங்களுக்கு இப்போது அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சேர்மன் எழுந்திருப்பதற்குள் மேடம் விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பால்கனி விழும்னு நான் சொன்னேன். விழாது. நான் சொன்னது தப்பு. நல்லா கட்டியிருக்காங்க. கட்டுன மேஸ்திரிங்க எங்கயிருந்தாலும் அவங்களுக்கு என் வணக்கம். இவ்ளோ சந்தோஷமா நான் ஒருநாளும் தப்பானதில்ல."

கைகூப்பினார். மேடையிலிருந்து இறங்கி, நேராகப் பால்கனி ஏறி, விளிம்பை ஒட்டின முதல் வரிசையில் நடு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை. பின்வரிசைதான் என்று எங்கள் வகுப்பு இன்றைக்கும் சாதிக்கிறது. ஹால் அதிர்ந்தது. அந்தச் சத்தத்திலும் பால்கனி அசையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். சேர்மன் தன் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தானே தப்பு என்று சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்துகொண்ட ஒருவரிடம் என்னதான் சொல்ல முடியும்? ஹால் நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் ஸ்வீட் உண்டு என்றார்.

மறுநாள் வகுப்பில் மேடம் தான் போட்ட கணக்கைக் கரும்பலகை முழுக்க எழுதினார். எங்கே தப்பு, கண்டுபிடியுங்கள் என்றார். எங்களுக்குக் கை வரவில்லை. மேடத்தின் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது கோயிலில் செருப்போடு நுழைவதுபோல இருந்தது. கடைசியில் ஷாஹிதா எழுந்தாள். வகுப்பிலேயே குறைவாகப் பேசுகிறவள்.

"மேடம், பால்கனி தடிமன நீங்க ஓரத்துல அளந்திருக்கீங்க. சுவர் பக்கம் தடிமன் ஜாஸ்தி இருந்திருக்கும். கீழ்ப்பக்கத்த ஃபால்ஸ் சீலிங் மறைச்சிடுச்சு."

மேடத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொந்த மகள் தங்க மெடல் வாங்கியதுபோல இருந்தது. சாக்பீஸை ஷாஹிதாவின் கையில் கொடுத்துக் கணக்கைத் திருத்தச் சொன்னார். திருத்தினால் பால்கனி கம்பீரமாக நின்றது. ஆனாலும் மேடம் தலையை ஆட்டினார். இன்னொரு தப்பு இருக்கிறது, அது பலகையில் இல்லை என்றார்.

"தெரியாத எடத்துல மோசமா இருக்கும்னு வச்சி கணக்குப் போட்டேன். அது சரி. எல்லாரையும் வெளிய நிறுத்தினேன். அதுவும் சரி. ஆனா 'எனக்குத் தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்'னு சொல்லாம 'விழும்'னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. இன்ஜினியர் அப்படிச் சொல்லக்கூடாது."

நான்கு வருஷம் படித்ததில் எனக்கு அப்படியே மனப்பாடமாக நிற்பது அந்த ஒரு பாடம்தான். மற்றதையெல்லாம் இப்போதும் புத்தகத்தைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

மேடத்தை வேலையைவிட்டு எடுப்பார்கள் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். சில மாதம் கழித்து சேர்மன் தன் சொந்த வீட்டில் இன்னொரு மாடி எடுக்க நினைத்தார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் அந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார். மேடம் சொன்னதுதான் தப்பு என்று நிரூபித்தாயிற்றே, பிறகும் ஏன் அவரிடம் என்று முதல்வரே கேட்டுவிட்டாராம். சேர்மன் சொன்ன பதிலைத் துறையின் அட்டெண்டர் எங்களுக்கு வந்து சொன்னார். தப்பாயிருந்தா தப்புன்னு சொல்ற ஆளு எனக்குத் தெரிஞ்சி அவங்க ஒருத்தர்தான், வேற யார்கிட்ட போறது என்றாராம்.

மேடம் அந்த வரைபடத்தில் பாதியை அடித்துத் திருப்பிக் கொடுத்தார் என்பது உபரிச் செய்தி. சேர்மன் முனகிக்கொண்டே அப்படியே கட்டினார்.

இன்றைக்கு மேடத்தின் மாணவர்கள் இல்லாத பெரிய கட்டட வேலை இந்த ஊரில் இல்லை. ஷாஹிதா பாலங்கள் வடிவமைக்கிறாள். மதன் மெட்ரோ வேலையில் இருக்கிறான். நான் பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். புதிதாக ஒரு சைட்டுக்குப் போனால், எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். கல்லூரியின் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். மேடத்தின் பெயரைச் சொன்னால் நாற்காலி போடுவார்கள். இந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

மேடம் ஓய்வுபெற்று ஃப்ரேசர் டவுனிலேயே இருக்கிறார். மூட்டு வலி. முன்போல நடக்க முடிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்தார். சமையல்கார அம்மா லீவு, எனக்காக அவரே நின்று மீன் குழம்பு வைத்திருந்தார். மேடம் சமைத்து நாங்கள் யாரும் சாப்பிட்டதில்லை. ஏன் என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. உப்பு அவ்வளவு தூக்கல். எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், குழம்பு எப்படி இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்.

பிரமாதம் மேடம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.